வேனில் தங்கிவிட்ட வெள்ளிக் கால்

திண்டுக்கல் பேகம்பூரில் மாடி வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தபோது வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீக?" என்பதுதான். வேனில் இருந்தோம் என்றேன். "டிரைவரா?" என்றார். இல்லை, ஒரு வருஷமாக நானும் என் மனைவியும் வேனிலேயே குடியிருந்தோம், சமையல், தூக்கம் எல்லாம் அதற்குள்தான், ஊர் ஊராகப் போவோம் என்று விளக்கினேன். அவர் தோல் வியாபாரம் பார்த்தவர், நாலு ஊர் மனிதர்களைப் பார்த்துப் பழகியவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, வீட்டுல எதுவும் சண்டையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். என் மனைவி சிரித்தே விட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

காரணம் உண்டு. அந்த ஒரு வருஷமும் நான் வாய் கிழியப் பேசியிருந்தேன். கணக்கு வாத்தியார் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றி, பலகைக் கட்டில் அடித்து, கேஸ் அடுப்பு வைத்து, கிளம்பும்போதே போனில் வீடியோ எடுக்கவும் ஆரம்பித்துவிட்டேன். வீடு என்பது நாமே காசு கொடுத்துக் கட்டிக்கொள்கிற ஜெயில் என்று ஒரு வீடியோவில் சொன்னேன். யார் தயவும் இல்லாமல் வாழ்கிறோம் என்று இன்னொன்றில் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பின்னால் கொடியில் எங்கள் துணி காய்ந்துகொண்டிருந்தது. கொடி யாரோ ஒரு விவசாயியுடையது. துவைத்த தண்ணீரும் அவர் கிணற்றுத் தண்ணீர்தான்.

திரும்பி வந்தது என் மனைவியால். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். "எனக்கு ஒரு கக்கூஸ் வேணும்ங்க. நம்ம கக்கூஸ். விடிஞ்சு எந்திரிச்சு பெட்ரோல் பங்கைத் தேட இனிமே என்னால ஆகாது. கிறிஸ்துமஸுக்கு நம்ம வாசல்ல ஸ்டார் கட்டணும்" என்று அவள் சொன்னது வாஸ்தவம். ஆனால் அவள் சொல்வதற்கு இரண்டு மாதம் முன்பே எனக்கு இடுப்பு வலி வந்து, எப்போது இவள் வாயைத் திறப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தவன் நான். பழியை அவள் தலையில் போட்டுவிட்டு, மனைவிக்காக விட்டுக்கொடுத்தவன் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் வந்த பிறகுதான் வேன் என் உடம்பில் எவ்வளவு ஏறியிருந்தது என்று தெரிந்தது. பாத்ரூமில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் நான் அரை வாளியில் குளித்து முடித்தேன். காலையில் எழுந்ததும் படுக்கையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினேன். நிலைப்படி என் தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தும் குனிந்தே நுழைந்தேன். மனைவி அப்படியில்லை. முதல் நாள் மத்தியானம் வெறும் தரையில் மல்லாந்து படுத்து, கையையும் காலையும் அகல விரித்து, "யப்பா, எம்புட்டு இடம்!" என்றாள். அப்படியே தூங்கியும் போனாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம் வேனை விற்றோம். வாங்கியவர் காய்கறி ஏற்றுவதற்காக வாங்கினார். அவர் வருவதற்குள் கட்டில் பலகை, டப்பா, அடுப்பு எல்லாவற்றையும் இறக்க வேண்டும். நான் வேனுக்குள் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்லி மனைவியிடம் கேட்டேன். அவள் பேப்பர் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை முழுசாகக் கொட்டினாள். இன்சூரன்ஸ் காகிதத்துக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சு விழுந்தது.

அவள் அதை எடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னங்க இது?" என்றாள். பிறகு, "பழனியில போட்டாச்சுன்னு சொன்னீகளே" என்றாள்.

என் கையில் திருப்புளி இருந்தது. அதைத் துடைக்க ஆரம்பித்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் துடைத்தேன்.

அந்த முடிச்சின் கதையை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். வேனில் கிளம்பி இரண்டாவது மாதம் தைப்பூசம் வந்தது. அந்த நாட்களில் திண்டுக்கல்லில் இருந்து பழனி வரைக்கும் ரோட்டில் பாத யாத்திரைக் கூட்டம் போகும். பச்சை வேட்டியோ காவி வேட்டியோ கட்டி, மாலை போட்டு, செருப்பில்லாமல் நடந்து போகிறவர்களை வழியிலிருக்கும் ஜனங்கள் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள், சோறு போடுவார்கள், வீட்டுக் குழாயைத் திறந்து விடுவார்கள். கூட்டத்தின் பின்னால் மூட்டை முடிச்சு ஏற்றிய வேனும் போகும். அதில் வருகிறவர்களுக்கும் அதே மரியாதை.

இதைப் பார்த்துவிட்டு நான் ஒரு பச்சைத் துண்டு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வேன் முன்னால் வேல் படம் போட்ட மஞ்சள் கொடி ஒன்றைக் கட்டினேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். என் கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி டேஷ்போர்டுக்குள் வைத்தேன். மனைவி, "இதென்ன வேஷம்?" என்றாள். "வேஷமில்ல புள்ள, ஊரோட ஒத்துப் போறது" என்றேன். எனக்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசிப் பேசி வந்த வியாதி.

ஒட்டன்சத்திரம் தாண்டி ரோட்டோரம் ஒரு வீடு. வாசலில் வேப்பமரம். அங்கே நிறுத்தினோம். அந்த வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். வேனைப் பார்த்ததும் அவராகவே ஓடி வந்து, "வாங்க சாமி, நெழல்ல உடுங்க வண்டிய" என்றார். இரண்டு நாள் அங்கே இருந்தோம். மோட்டார்த் தொட்டியில் குளித்தோம். வேளைக்கு வேளை கூப்பிட்டு உட்கார வைத்து, கொள்ளுப் பருப்பும் ரசமும் சுடுசோறுமாகப் போட்டார். நான் மூன்றாம் தரம் சோறு வாங்கியபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அது இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. என் மனைவி கூச்சத்தோடு தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். அவளும் சாப்பிட்டாள்தான், ஆனால் அவளை இதில் இழுப்பது சரியில்லை.

அந்த அக்காவின் புருஷன் உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் வந்த புண் ஆறாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. துணி சுற்றிக் காலைத் தலையணைமேல் வைத்திருந்தார். அதற்குள் இருந்து வரும் வாடை முன்னறைவரை வந்தது. நாங்கள் கிளம்பும் காலையில் அக்கா கை காலெல்லாம் கழுவி, ஈரத் தலையோடு வந்து, அந்த மஞ்சள் முடிச்சை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். உள்ளே வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு கால் இருந்தது. என் சுண்டுவிரல் நீளம். கால் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோயில் உண்டியலில் போடுவது.

"இவரை உட்டுப்போட்டு என்னால மலைக்கு வர முடியலீங்க சாமி. நடந்து போறவங்ககிட்டக் குடுத்து உட்டா, நானே நடந்து வந்து போட்டாப்பல. உங்ககூட ஒரு பொம்பளையும் இருக்கறாங்க, வண்டியும் இருக்குது, பத்திரமாப் போய்ச் சேரும். மறக்காமப் போட்டுருங்க சாமி" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா, நாங்கள் மாலை போட்டவர்கள் இல்லை, வேதக்காரர்கள், நடந்தும் வரவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வயிறு நிறைய அவர் சோறு இருந்தது. வாங்கிக்கொண்டேன். அவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் தடுக்கவில்லை.

வேன் கிளம்பியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "நம்ம யாருன்னு சொல்லிருக்கணும்ங்க. சரி, வாங்கிட்டீக. மொத வேலையா அதைக் கொண்டு போய்ச் சேத்துருங்க" என்றாள். சாமி எல்லாம் ஒன்றுதான், மனசுதான் முக்கியம் என்று பெரிய மனுஷத்தனமாக அவளுக்கு உபதேசம் செய்தேன். பழனிக்குள் வண்டி விடவில்லை. சுற்றிக்கொண்டு பாலசமுத்திரத்தில் போய் நிறுத்தினோம். மறுநாள் விடியற்காலை மனைவிக்குக் காய்ச்சல். அவளைப் படுக்க வைத்துவிட்டு முடிச்சை எடுத்துக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன்.

மலையடிவாரத்துக்குப் போனது உண்மை. வரிசையையும் பார்த்தேன். மேலே போய் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். பாலசமுத்திரம் பக்கத்து அணையில் சூரிய உதயம் பிரமாதமாக இருக்கும் என்று முந்தின நாள் டீக்கடையில் ஒருவர் சொல்லியிருந்தார். மலையை எப்போது வேண்டுமானாலும் ஏறலாம், இந்த வெளிச்சம் திரும்பக் கிடைக்குமா? ஆட்டோ பிடித்து அணைக்குப் போய் வீடியோ எடுத்தேன். நான் எடுத்ததிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். அமைதியாக வாழ்வது எப்படி என்று அதில் பேசியிருக்கிறேன். பேசும்போது முடிச்சு என் சட்டைப் பையில் இருந்தது. வேனுக்கு வந்ததும் மனைவி கண்ணைத் திறந்து, "போட்டாச்சா?" என்றாள். "போட்டாச்சு" என்றேன். அன்றைக்கே கொடைக்கானல் ரோட்டில் ஏறிவிட்டோம்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். அடுத்த தடவை பழனிப் பக்கம் போகும்போது போட்டுவிடலாம் என்று அதை இன்னும் உள்ளே தள்ளுவேன். தூக்கி எறியப் பயம், கொண்டு போய்ச் சேர்க்கச் சோம்பல். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன்.

இப்போது மனைவியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவள் முடிச்சை எடுத்துத் தூசி தட்டி என் கையில் வைத்தாள். "அந்த அண்ணன் கால் என்னாச்சோ" என்றாள். அவ்வளவுதான்.

நாளைக்கே பழனிக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன், விஷயம் முடிந்தது என்றேன்.

"மொத அந்தக்காவப் பாக்கணும்."

"பாத்து? என்னன்னு சொல்றது?"

"நடந்ததச் சொல்லுங்க."

அப்போது என் புத்தி போன போக்கைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. முதலில் உண்டியலில் போட்டுவிட்டு, திரும்பும்போது ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு அந்த அக்கா வீட்டில் இறங்கி, போன வருஷமே போட்டாச்சு என்கிற மாதிரி நலம் விசாரித்துவிட்டு வரலாமே என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் என் மூஞ்சி செத்துப்போனது. "நீங்க பழனிக்குப் போங்க. நான் வழியில எறங்கிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். தை பிறக்கப் போகிற சமயம், ரோட்டில் பச்சை வேட்டிகள் நடக்க ஆரம்பித்திருந்தன. ஒட்டன்சத்திரம் தாண்டி அந்த நிறுத்தம் வந்ததும் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து இறங்கினாள். நான் படி வரைக்கும் போய் நின்றேன், பஸ் நகர்ந்துவிட்டது. "ஏறுங்க, எறங்குங்க, ஏதாச்சும் ஒண்ணு பண்ணுங்க சார்" என்று கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் நான் குதித்தேன்.

அந்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அண்ணன் உட்கார்ந்திருந்தார். வேட்டி வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகத் தொங்கியது. பக்கத்துச் சுவரில் கக்கத்துக் கட்டை சாய்த்து வைத்திருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். என் மனைவி என் கையைப் பிடித்தாள். ஆறுதலுக்காகவா, நான் ஓடிவிடாமல் இருக்கவா என்று எனக்குத் தெரியாது.

அக்கா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார். பிறகு, "அடடா, வேன்ல வந்த சாமீங்க! வாங்க வாங்க. வண்டி எங்கீங்க?" என்று முகம் முழுக்கச் சிரித்தார்.

வண்டியை விற்றுவிட்டோம், திண்டுக்கல்லில் வீடு பார்த்து உட்கார்ந்துவிட்டோம் என்று மனைவி சொன்னாள். "நல்ல காரியம் பண்ணீங்க கண்ணு. எத்தன நாளைக்கு ரோட்டுலயே அலையறது? பொம்பளைக்கு ஒரு வூடு வேணுமில்லீங்க" என்று என் மனைவியின் கன்னத்தைத் தொட்டார். கால் விஷயம் அவராகவேதான் ஆரம்பித்தார். நாங்கள் போன மறுமாசமே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காலை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்ததாம்.

"உங்க கையில குடுத்து உட்டனுங்களே சாமி, நீங்களும் கொண்டு போயிப் போட்டீங்க. உங்க மேல ஒரு குத்தமுமில்ல. எம்மேலதான். வேண்டிக்கிட்டவ நானு, நேர்ல வராம ஆளுகிட்டக் குடுத்து உட்டேன். அது மலை மேல இருக்கறவனுக்குப் பொறுக்கல போலருக்குது. அதனால மாசா மாசம் கிருத்திகைக்கு நடந்தே போயி மலையேறி மன்னிப்புக் கேட்டுட்டு வாரனுங்க."

எத்தனை மாதம்? நான் எண்ணிப் பார்த்தேன். நாங்கள் கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே படுத்துக் கிடந்த மாதம், கடற்கரையில் மீன் பொரித்துத் தின்ற மாதம், ஒவ்வொரு மாதமும் இந்த மனுஷி வெறுங்காலோடு நடந்து போய், நான் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மனைவி என் முகத்தையே பார்த்தாள். நான் சட்டைப் பையில் கைவிட்டு முடிச்சை எடுத்தேன்.

சொன்னேன். முதலில் வார்த்தை தடுமாறியது, பிறகு தடுமாறவில்லை. பச்சைத் துண்டு வாங்கியதைச் சொன்னேன், சிலுவையைக் கழற்றி வைத்ததைச் சொன்னேன், அணைக்குப் போனதைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, இப்போதே பழனிக்குப் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன். அந்த வாக்கியம் என் காதுக்கே அசிங்கமாக இருந்தது.

அக்கா முடிச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் போட்ட முடிச்சுத்தானுங்க" என்று புருஷனிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். சாமி என்கிற வார்த்தை அதற்கப்புறம் அவர் வாயில் வரவில்லை.

"வேதக்காரங்கன்னு சொல்லியிருந்தா சோறு போட்டிருக்க மாட்டனுங்களா?" என்றார்.

முடிச்சை விரலால் அழுத்தியபடி அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு இந்த வழியா எத்தன சனம் போச்சு. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆளுகிட்டக் குடுத்திருப்பனே. அம்புட்டுச் சனத்துல உங்க கையிலதானுங்க குடுத்தேன்."

குரலை உயர்த்தவே இல்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை. முடிச்சை முந்தானை நுனியில் வைத்து இறுக்கி முடிந்தார். "நீங்க போக வேண்டாமுங்க. நானே கொண்டுபோயிக்கறேன்" என்றார். என் மனைவி அழுதாள். நான் தரையைப் பார்த்து நின்றேன்.

நாற்காலியில் இருந்த அண்ணன்தான் பேசினார். "உடு புள்ள. புண்ணு எலும்புக்குப் போயிருச்சுன்னு டாக்டரு முன்னாலயே சொல்லிப்போட்டாரு. கால் போறது எப்படியும் போயிருக்கும். பாவம், உண்மையச் சொல்லணும்னு தூரத்துல இருந்து வந்திருக்கறாங்க. ஒரு வாய் சோறு போடு."

அக்கா உள்ளே போகத் திரும்பியவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவங்களுக்குத்தான் இப்ப வூடு இருக்குதுங்களே. போயி அவங்க வூட்டுல உண்ணுக்குவாங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். நாங்கள் கும்பிட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தோம். திண்டுக்கல் பஸ் வர அரை மணி ஆனது. நடந்து போகிற சாமிகள் எங்களைக் கடந்துகொண்டே இருந்தார்கள், எதிர்ப் பக்கம் பந்தலில் ஒருவர் எங்களையும் மோர் குடிக்கக் கூப்பிட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மத்தியான வெயில். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, எனக்கு நன்றாகப் பசித்தது. அதைப் பக்கத்தில் நின்ற மனைவியிடம் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.